அசையாத தொண்ணூற்றேழு

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் எண் ஒரே இடத்தில் நிற்காது. தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்று ஆறு, அழுதால் தொண்ணூறு, தூங்கினால் மறுபடி தொண்ணூற்று ஐந்து என்று ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற எண் அது. அன்று காலை திருப்பதியில் என் மேசைத் திரையில், சித்தூர் ஆஸ்பத்திரியின் நான்காம் படுக்கைக்கு நேராக, தொண்ணூற்று ஏழு என்று இருந்தது. கீழே மெஸ்ஸில் டீ குடித்துவிட்டு மாடி ஏறி வந்து பார்த்தேன். தொண்ணூற்று ஏழு. இரண்டு மெயிலுக்குப் பதில் எழுதிவிட்டுப் பார்த்தேன். அதே தொண்ணூற்று ஏழு. ஆறாம் படுக்கையைப் பார்த்தேன். அது தொண்ணூற்று ஆறிலேயே நின்றது. மற்ற நான்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

மணி ஒன்பது ஐம்பத்தைந்து.

எங்களுடையது பெரிய கம்பெனி இல்லை. மெஸ்ஸுக்கு மேல்மாடியில் ஆறு பேர் உட்கார்ந்து, டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி செய்கிறோம். பச்சைக் குழந்தைகள் வார்டில் ஒவ்வொரு தொட்டிலுக்குப் பக்கத்திலும் ஒன்று தொங்கும். குழந்தையின் பாதத்தில் சுற்றிய பட்டையிலிருந்து ஒரு ஒயர் அதற்குள் போகும். பெட்டியின் முகத்தில் எண் தெரியும். எண் எண்பத்தெட்டுக்குக் கீழே போனால் பெட்டி ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தும். பெரிய மிஷின் வாங்க முடியாத சின்ன ஆஸ்பத்திரிகள் இதை வாங்குகின்றன.

அந்தப் பெட்டிகளுக்குள் ஓடும் மென்பொருளைக் கட்டி அனுப்புவது என் வேலை. இங்கே கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் எல்லா வினையும் இங்கேதான் இருக்கிறது. பழைய பெட்டிகளில் ஒரு வகை ப்ராசசர், புதுப் பெட்டிகளில் இன்னொரு வகை. ஒன்றுக்குக் கட்டியது மற்றதில் ஓடாது. அதனால் ஒவ்வொரு பேக்கேஜின் மேலும் அது எந்த ப்ராசசருக்கு என்று பேர் எழுதி அனுப்புவோம். பெட்டி அந்தப் பேரைத் தன்னுடைய பேரோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போகவில்லை என்றால் 'இது எனக்கு இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடும்.

வம்பு என்னவென்றால், புது ப்ராசசருக்கு உலகத்தில் இரண்டு பேர் புழக்கத்தில் இருக்கின்றன. மென்பொருளைக் கட்டுகிற கருவி அதை ஏஆர்ச்64 என்கிறது. பெட்டிக்குள் இருக்கும் சிஸ்டம் அதையே ஆர்ம்64 என்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான். கம்பெனியைத் தொடங்கிய கிரண்குமார் அன்றன்றைக்கு வாயில் வந்ததை எழுதினார். சரியான பேக்கேஜையே பெட்டி வேண்டாம் என்று திருப்பியது. அவருக்கு நேரம் இல்லை, பொறுமையும் இல்லை. பேக்கேஜைப் பெட்டிகளுக்குத் தானாக அனுப்புகிற கட்டளைப் பட்டியலான ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தார். 'ஃபோர்ஸ்' என்று. பெட்டி மாட்டேன் என்று சொன்னாலும் கேட்காமல் உள்ளே தள்ளு என்று அர்த்தம்.

நான்கு வருடம் அப்படியே ஓடியது. ஒவ்வொரு முறையும் பெட்டி மாட்டேன் என்னும், ஒவ்வொரு முறையும் நாங்கள் தள்ளுவோம், எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். ஃபோர்ஸ் போடுவது ஆபீஸில் பேச்சுவழக்காகவே ஆகிவிட்டது. டீ வேண்டாம் என்றவருக்குக்கூட, "இன்னாவாம், ஃபோர்ஸ் போடு" என்று ஊற்றிவிடுவார்கள்.

எனக்கு இது ஆகாது. என் வீட்டில் துவரம்பருப்பு என்று எழுதிய டப்பாவில் துவரம்பருப்புதான் இருக்கும். ஒரு பண்டத்துக்கு ஒரு பேர் என்று மூன்று வாரம் எல்லோரோடும் மல்லுக்கு நின்றேன். பெட்டியின் சிஸ்டம் எதைச் சொல்கிறதோ அதுதான் பேர். புதுப் பெட்டிக்கு ஆர்ம்64, பழைய பெட்டிக்கு ஆர்ம்எச்எஃப், ஆபீஸ் சர்வருக்கு ஏஎம்டி64. இந்த மூன்றைத் தவிர வேறு பேர் யாரும் எழுதக் கூடாது என்று பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். "ஏம்மா நளினி, ஆபீஸ்ல நாமகரணமா? சர்க்கரைப் பொங்கல் எப்போ?" என்று கிரண்குமார் கேலி செய்தார். செய்யட்டும் என்று விட்டேன். எல்லா ஸ்கிரிப்டிலும் பேரை மாற்றினேன். எந்த ஊரில் எந்தப் பெட்டி என்ற பட்டியலிலும் மாற்றினேன்.

அந்த ஃபோர்ஸ் வரியை மட்டும் எடுக்கவில்லை.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். கர்சரை அந்த வரியின் மேல் கொண்டுபோய் வைத்தேன். பேர்கள் சரியாகிவிட்டால் தள்ள வேண்டிய அவசியமே இல்லை, அதை அழித்துவிட வேண்டியதுதான். ஆனால் மூன்று வாரம் வாய் கிழியப் பேசிவிட்டு, முதல் நாளே ஏதாவது ஒரு பெட்டி மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது? இந்த ஒரு தடவை இருக்கட்டும், அடுத்த தடவை எடுத்துவிடலாம் என்று கர்சரை நகர்த்திவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்குப் புது வெர்ஷன் போனது. ஒரு பெட்டியும் தகராறு செய்யவில்லை. எல்லாப் படுக்கைக்கு நேராகவும் பச்சை டிக் விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் டீ குடிக்கப் போனேன்.

ஊர் ஊராகப் போய்ப் பெட்டி மாட்டுகிறவர் சுரேஷ்பாபு. அன்று அவர் நெல்லூரில் இருந்தார். போன் போட்டேன்.

"சுரேஷ்பாபு, சித்தூர்ல ஆறு பெட்டியும் புதுசுதானே?"

"புதுசுதான் மேடம். நாலும் ஆறும் மட்டும் பழசு."

"இன்னா சொல்றீங்க?"

"ரெண்டு பொட்டி ரிப்பேருக்கு வந்துச்சே மேடம், அப்போ கைல இருந்த பழச மாட்டிட்டு வந்தேன். ரெண்டு மாசம் ஆவுது. கிரண் சாராண்ட வாயால சொன்னேனே. ஏன், இன்னா ஆச்சு?"

போனை வைத்தேன். என் பட்டியலில் ஆறும் புதுசு என்றே இருந்தது. காலையில் நடந்ததன் பதிவை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் அதில் இருந்தது. நான்காம் பெட்டி 'இது எனக்கு இல்லை' என்று சொல்லியிருந்தது. ஆறாம் பெட்டியும் சொல்லியிருந்தது. நான்கு வருடத்தில் முதல்முறையாக அவை உண்மையாகவே சொல்லியிருந்தன. அடுத்த வரியில் என் ஸ்கிரிப்ட் இரண்டையும் தள்ளியிருந்தது.

பழைய மென்பொருள் அழிந்துவிட்டது. புதியது அந்த ப்ராசசரில் ஓடாது. பெட்டியின் முகத்திலும் என் திரையிலும் கடைசியாகத் தெரிந்த எண் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. குழந்தைக்கு என்ன ஆனாலும் அது தொண்ணூற்று ஏழு என்றுதான் காட்டும். கத்தவே கத்தாது. என் திரையில் விழுந்த பச்சை டிக், பெட்டியில் கரண்ட் இருக்கிறது என்று மட்டும் சொல்லும் வேறொரு சின்ன புரோகிராமிலிருந்து வருவது. இங்கிருந்தபடியே பெட்டிக்குள் நுழையும் வழியும் அந்தச் செத்த மென்பொருளுக்குள்தான் இருந்தது. நேரில் போய் மெமரி கார்டை மாற்றினால்தான் உண்டு.

கிரண்குமாரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. கெட்ட மனிதர் இல்லை அவர். பயந்த மனிதர். "காரு எடுத்துக்கோ. இப்பவே போ. ரிசப்ஷனுக்கு முதல்ல போன் போடு," என்றவர், நான் எண்ணை அழுத்தும்போது என் கையைப் பிடித்தார். "பெட்டி செத்துப்போச்சுன்னு சொல்லாதம்மா. சின்ன சர்வீஸுன்னு சொல்லு, சாலு, அது போதும். இல்லன்னா ஆறு பெட்டியையும் கழட்டி வெளிய வெச்சிருவாங்க. நம்ம கத முடிஞ்சிரும்."

மறுமுனையில் ரிசப்ஷன் பெண் ரேஷ்மா எடுத்தாள். கிரண்குமார் என் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தார். நான் சொன்னேன்: "நாலு, ஆறு, ரெண்டு பெட்டியில சின்ன சர்வீஸ் இருக்கும்மா. நான் நேர்ல வரேன். வார்டுல சொல்லிடு."

"சரிங்க மேடம், சொல்லிடறேன்," என்றாள். வேறு யாருக்கோ டோக்கன் நம்பர் சொல்லிக்கொண்டே வைத்துவிட்டாள்.

மணி பத்து ஐந்து. மூன்று வாரமாக எதையும் அதனதன் பேரால்தான் சொல்ல வேண்டும் என்று ஊரையே நாட்டாமை செய்தவள், செத்துப்போன பெட்டிக்குச் சின்ன சர்வீஸ் என்று பேர் வைத்தேன்.

டிரைவர் திருமலை அன்று பார்த்து நல்ல மூடில் இருந்தார். சந்திரகிரி தாண்டுவதற்குள் மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் பல் வரிசை, கோவிலில் அன்றைய கூட்டம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டார். நான் பையில் இருந்த இரண்டு மெமரி கார்டுகளைத் துழாவித் துழாவித் தொட்டுக்கொண்டிருந்தேன். ரேஷ்மாவின் எண்ணை மறுபடி அழுத்தினேன். பிஸி. வார்டுக்குள் நர்ஸுகள் போன் கொண்டுபோகக் கூடாது, வெளியே லாக்கரில் வைத்துவிடுவார்கள். அது எனக்குத் தெரியும். இருந்தும் நர்ஸ் ருக்மணியின் எண்ணுக்கு ஐந்து தடவை அடித்தேன். ஐந்து தடவையும் அது ஏதோ ஒரு இரும்பு அலமாரிக்குள் அடித்து ஓய்ந்தது.

ருக்மணியை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பெட்டிகள் வந்த புதிதில் பயிற்சி கொடுக்கப் போனபோது, "இது கத்தலன்னா கொயந்த நல்லா கீதுன்னு வெச்சிக்கலாமா மேடம்?" என்று கேட்டாள். ஆறு தொட்டிலுக்கு ஒரே நர்ஸ் அவள். "தாராளமா வெச்சிக்கலாம்," என்று சொன்னது நான்தான். வாயைத் திறந்து, சிரித்துக்கொண்டே சொன்னேன். இப்போது அது கத்தவில்லை. கத்தவில்லை என்பதால் அவள் வேறு தொட்டில் பக்கம் நிம்மதியாகத் திரும்பி நிற்பாள். அவள் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்று நினைத்தேன். குறைமாதக் குழந்தைகள் சில சமயம் மூச்சு விட மறந்துவிடும். யாராவது பாதத்தைத் தட்டினால் ஞாபகம் வந்து மறுபடி விடும். தட்டச் சொல்லி ஆளைக் கூப்பிடத்தான் பெட்டியே.

கிரண்குமார் கூப்பிட்டார். "ரிப்போர்ட் கேட்டா நெட்வொர்க் ப்ராப்ளம்னு எழுதிக்கலாம். ஒண்ணும் ஆவாது. நீ பயப்படாத," என்றார். நான் போனை வைத்துவிட்டு மறுபடி ரேஷ்மாவின் எண்ணை அழுத்தினேன்.

"இன்னா மேடம், ஒரு மாரி கீறீங்க? வாந்தி வர்ற மாரி இருந்தா சொல்லுங்க, ஓரமா நிறுத்தறேன்," என்றார் திருமலை.

"நிறுத்தாதீங்க. வேகமாப் போங்க."

பாகாலாவுக்குப் பிரிகிற ரோடு வந்தபோது மணி பதினொன்று ஐந்து. இருபதாவது தடவையோ என்னவோ, ரேஷ்மா எடுத்தாள்.

"மேடம், நீங்கதானா? சொல்லிட்டேன் மேடம், வார்டுல. சின்ன சர்வீஸ்தானேன்னு—"

"சின்ன சர்வீஸ் இல்ல." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "நாலும் ஆறும் செத்துப்போச்சு. அதுல தெரியற நம்பர் பொய். காலைல ஒம்பது பத்துலேந்து பொய். ஓடிப்போய் ருக்மணிகிட்ட சொல்லு, பெட்டியப் பாக்காத, கொயந்த மேல கைய வெச்சுப் பாருன்னு சொல்லு. ஓடும்மா!"

நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது. பிறகு போனை மேசையில் வைத்த சத்தம். வைக்கும்போது அணைக்கவில்லை. செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. ஒரு கதவு. ரிசப்ஷனில் யாரோ ஒருவர் தெலுங்கில் டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டார். அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் போனைக் காதோடு சேர்த்து நசுக்கிக்கொண்டிருந்தேன். அப்புறம், வெகு தூரத்தில், ருக்மணியின் குரல். ஒரே ஒரு கத்தல். என்ன வார்த்தை என்று விளங்கவில்லை. நிறைய கால்கள் ஓடின. யாரோ போனை எடுத்து அணைத்துவிட்டார்கள்.

திரும்ப அடித்தேன். யாரும் எடுக்கவில்லை.

அதற்கப்புறம் சித்தூர் இருபது நிமிஷ தூரம்தான். ஆனால் அது ஜூன் மாதம். ஊருக்கு முன்னால் மாம்பழக் கூழ் ஃபேக்டரிகள் வரிசையாக இருக்கின்றன. தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் ஃபேக்டரி கேட்டில் தொடங்கி ஒரு கிலோமீட்டருக்கு ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. டிராக்டர்காரர்கள் வண்டிக்கு அடியில் நிழலில் படுத்திருந்தார்கள். இடத்தை விட்டால் வரிசை போய்விடும் என்று ஒருவரும் அசையவில்லை. வெயிலில் பழம் வெந்து புளித்த வாசனை கார் கண்ணாடியைத் தாண்டி வந்தது.

நான் பயந்த பயத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. யாரும் போன் எடுக்காததற்கு ஆயிரம் காரணம் சொல்லிப் பார்த்தேன். ரேஷ்மா சாப்பிடப் போயிருப்பாள். கத்தியது வேறு எதற்காகவோ இருக்கும், டிரே கீழே விழுந்திருக்கும். எல்லாக் காரணத்துக்கும் முடிவில் அந்தக் கத்தல் வந்து நின்றது. முருகா, வெங்கடரமணா என்று எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டும்போதே, என் பேர் கெடக் கூடாது என்றும் மனசின் ஒரு மூலை சேர்த்து வேண்டிக்கொண்டது. அந்த மூலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

திருமலை என்னைக் கண்ணாடியில் பார்த்தார். "கொயந்த விசயமா மேடம்?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். ஹாரனில் கையை வைத்து எடுக்காமல், எதிர்ப்பக்கத்து ரோட்டில் ஏறி, திட்டு வாங்கிக்கொண்டே போனார்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது மணி பதினொன்று ஐம்பது. ரிசப்ஷன் நாற்காலி காலியாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கே மாட்டியிருந்த பச்சை அங்கியை இழுத்துப் போட்டுக்கொண்டு வார்டுக்குள் போனேன்.

முதலில் கண்ணில் பட்டது பெட்டிதான். தொண்ணூற்று ஏழு. பச்சை எழுத்தில், பளிச்சென்று. அதற்குக் கீழே மூன்று முதுகுகள். டாக்டரம்மா கொஞ்சம் விலகியபோது குழந்தை தெரிந்தது. என் உள்ளங்கையும் மணிக்கட்டும் சேர்ந்த அளவுதான் இருக்கும். மூக்கில் குழாய். மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் கட்டிய பட்டையில், இன்னும் பேர் வைக்காததால், 'ரோஹிணி பேபி' என்று அம்மாவின் பேரை எழுதியிருந்தார்கள்.

உயிர் இருக்கிறது.

டாக்டரம்மா திரும்பினார். "பெட்டி கம்பெனி நீங்கதானா?"

"ஆமா மேடம்."

"பாப்பா மூச்சை நிறுத்தியிருக்கு. எடுக்கும்போது நீலமா இருந்துச்சு. இதயத் துடிப்பு இருந்துச்சு, அதனால ரொம்ப நேரம் ஆகியிருக்காது. ஆனா எத்தனை நிமிஷம்? ஒண்ணா, நாலா? அதைப் பொறுத்துத்தான் மூளைக்கு ஏதாவது ஆகியிருக்குமான்னு சொல்ல முடியும். உங்க பெட்டிதான் ஒவ்வொரு நொடியும் எழுதி வைக்குமே, எடுத்துச் சொல்லுங்க."

"எழுதி வைக்கல மேடம்," என்றேன். "ஒம்பது பத்துக்கு அப்புறம் அதுல ஒண்ணுமே இல்ல."

அவர் பெட்டியைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். தொண்ணூற்று ஏழு.

ருக்மணி தொட்டிலின் மறுபுறம் நின்றுகொண்டிருந்தாள். அழுது முடித்த முகம். "பத்தரைக்குப் பால் ஏத்தினேன். அப்போ நல்லா இருந்துச்சு, காலை உதைச்சுக்கினு இருந்துச்சு. அப்புறம் ரெண்டாவது பாப்பாவுக்கு ஊசி. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கினேதான் இருந்தேன் மேடம், தொண்ணூத்தேழுன்னு காட்டுச்சு. பதினொண்ணு ஏழுக்கு ரேஷ்மா ஓடியாந்து சொன்னதுக்கப்புறம்தான் கைய வெச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "பத்து மணிக்கே சொன்னாங்க, சின்ன சர்வீஸுன்னு. சர்வீஸ்தானேன்னு வுட்டுட்டேன். செத்துப்போச்சுன்னு சொல்லியிருந்தீங்கன்னா இங்கியே நின்னுக்கினு இருந்திருப்பேனே மேடம். நவுந்திருக்கவே மாட்டேனே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மெமரி கார்டை மாற்றினேன். தொண்ணூற்று ஏழு அணைந்தது. திரை கறுத்து, பிறகு விழித்து, தொண்ணூற்று ஒன்று என்றது. தொண்ணூற்று இரண்டு. மறுபடி தொண்ணூற்று ஒன்று. அந்த நடுக்கத்தைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆறாம் தொட்டில் குழந்தை ஒன்றும் தெரியாமல் விரலைச் சூப்பிக்கொண்டு தூங்கியது. அதன் பெட்டியையும் சரி செய்தேன். இரண்டையும் ஒரு தடவை கத்த வைத்துக் காதால் கேட்டேன். வார்டே திடுக்கிட்டுத் திரும்பியது. திட்டினால் திட்டட்டும் என்று இன்னொரு தடவை கத்த வைத்தேன்.

காரிடாரில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். ஃபோர்ஸ் வரியை அழித்தேன். அழிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. பிறகு ஆஸ்பத்திரி கேட்ட ரிப்போர்ட்டை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் என்ன நடந்ததோ அதை எழுதினேன்: தவறான பேக்கேஜ் அனுப்பப்பட்டது, பெட்டி மறுத்தது, மறுப்பை மீறி ஏற்றப்பட்டது, தெரிந்த பிறகும் ஒரு மணி நேரம் சரியாகச் சொல்லப்படவில்லை, நர்ஸ் மீது தவறு இல்லை. கீழே என் பேரை எழுதினேன். கிரண்குமார் எட்டு தடவை கூப்பிட்டிருந்தார். ஒன்பதாவது தடவை எடுத்து, எழுதியதைப் படித்துக் காட்டினேன். "பாப்பா எலா உந்தி?" என்றார். பாப்பா எப்படி இருக்கிறது என்று மட்டும்தான் கேட்டார். உயிரோடு இருக்கிறது என்றேன்.

பக்கத்து பெஞ்சில் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். நான் போனை வைத்ததும் கிட்டே நகர்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானே போன் பண்ணி சொன்னது? நர்ஸம்மா சொன்னாங்க. நான் ரோஹிணி. நாலாம் நம்பர்." அவள் கை சுட்டது. "நீங்க மட்டும் போன் பண்ணலன்னா என் கொயந்த போயிருக்கும்க்கா. எங்க வூட்டுக்காரர் மருந்து வாங்கப் போயிக்கீறாரு. வந்ததும் உங்க காலுல வுயச் சொல்றேன். நாங்க நகரி. நீங்க?"

"நானும் நகரிதான்," என்றேன். "எங்க நைனா அங்க பவர்லூம்ல தறி ஓட்டினாரு."

"அதான் சாமி உங்கள அனுப்பிக்கீது," என்று சிரித்தாள். அழுது வீங்கிய முகத்தோடு சிரித்தாள்.

நான் அந்த நன்றியை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். அவளுக்கு யார் சொல்லப்போகிறார்கள்? ரிப்போர்ட் ஆஸ்பத்திரி பீரோவுக்குள் போய்விடும். அவள் என் பேரைக் குழந்தைக்கு வைத்தாலும் வைத்திருப்பாள். இதை நினைக்கும்போதே பத்து ஐந்துக்கு என் வாயில் வந்த அந்த இரண்டு வார்த்தை ஞாபகம் வந்தது.

"ரோஹிணி, கேளு. அந்தப் பொட்டி கெட்டதே என்னாலதான். காலைல நான்தான் அதுக்குள்ள தப்பானத ஏத்தினேன். அது வோணாம்னு சொல்லுச்சு. நான் கேக்கல. பத்து மணிக்கே எனக்குத் தெரியும். அப்போ போன் பண்ணி உண்மைய சொல்லல. சின்ன சர்வீஸுன்னு சொன்னேன். ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் சொன்னேன்."

அவள் உடனே புரிந்துகொள்ளவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் தன் கையை எடுத்துக்கொண்டாள். திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தினி நிமிசம்க்கா?" என்றாள். "என் கொயந்த எத்தினி நிமிசம் மூச்சு வுடாம இருந்துச்சு?"

"தெரியாது," என்றேன்.

"பொட்டில இருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்களே?"

"இல்லம்மா. யாருக்கும் தெரியாது."

ஒரு வாரத்தில் ஸ்கேன் எடுப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். ஒரு வயதில், இரண்டு வயதில், நடக்க வேண்டிய நேரத்தில் நடக்கிறதா, பேச வேண்டிய நேரத்தில் பேசுகிறதா என்று பார்த்துத்தான் தெரியும். அவள் அதுவரைக்கும் பயந்துகொண்டிருக்க வேண்டும். நானும்தான், ஆனால் என் பயத்தை யார் கேட்டார்கள்?

அவள் எழுந்து உள்ளே போனாள். வார்டின் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நான்காம் பெட்டியில் தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்று மூன்று என்று எண் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ரோஹிணி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழந்தையின் மார்பில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் உதடு அசைய, ஒன்று, இரண்டு, மூன்று என்று தானே எண்ணிக்கொண்டிருந்தாள்.